தங்கைக்கு வாயாக இருந்தவள்

தையல்காரிக்கு இரண்டு வாய் என்று அந்தத் தெருவில் சொல்வார்கள். ஒன்று அவளுடையது, ஊசியை விடக் கூர்மை. இன்னொன்று அவள் தங்கையுடையது. ஒன்றரை வயதில் வந்த காய்ச்சல் தங்கையின் காதைக் கொண்டுபோய்விட்டது, காதோடு பேச்சும் போயிற்று. பள்ளிக்கூடத்துக்கும் யாரும் அனுப்பவில்லை. அக்காளும் தங்கையும் கையாலேயே ஒரு பாஷை உண்டாக்கிக்கொண்டார்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து நூல் கோப்பதுபோல் காட்டினால் அக்கா. மடியில் கிடக்கும் தூசியைத் தட்டிவிடுவதுபோல் காட்டினால் வேண்டாம். காது கேளாதவர் பள்ளி வாத்தியார் ஒருவர் வந்து அரை நாள் உட்கார்ந்து பார்த்தார். "நான் படிச்ச கைப்பாஷை வேறம்மா, இது உங்க வீட்டுச் சொத்து" என்று எழுந்து போய்விட்டார்.

சின்ன வயதில் ஒருநாள் கடையில் தங்கை பச்சை ரிப்பன் கேட்டாள். தனக்குப் பிடித்த நிறமானால் தானும் கட்டிக்கொள்ளலாமே என்ற ஆசையில் அக்காள் கடைக்காரரிடம் நீலம் என்று சொல்லிவிட்டாள். வீட்டில் பொட்டலத்தைப் பிரித்ததும் தங்கை அழுத அழுகையில் குட்டு உடைந்தது. தாய் அக்காள் முதுகில் ஒன்று வைத்தாள். "அவ சொன்னதை மட்டும் சொல்லு. உனக்கு எதாச்சும் வேணும்னா உன் வாயால தனியாக் கேளு."

அந்த அடிக்குப் பிறகு தங்கைக்காகப் பேசும்போதெல்லாம் 'நான்' என்றே பேசினாள். மருந்துக் கடையில் "எனக்குத் தலை வலிக்குது" என்பாள், கடைக்காரர் இவள் தலையைப் பார்ப்பார். முப்பது வருஷத்தில் ஒரு சொல் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

தையல்காரியின் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் சாலையில். பிள்ளை இல்லை. மூன்று முறை உண்டாகி மூன்றும் நிற்கவில்லை. கடைசியானது ஆறு மாதம் இருந்து போயிற்று. துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள். "அஞ்சு விரலும் இருந்துச்சு" என்பாள். அதற்கு மேல் அதைப்பற்றிப் பேசமாட்டாள்.

தங்கைக்கு நோட்டுப் புத்தகம் பைண்டிங் செய்யும் இடத்தில் வேலை, லேத் பட்டறையில் வேலை செய்யும் புருஷன், இரண்டு பையன்கள். "என் பொண்டாட்டி திட்டும்போது கண்ணை மூடிக்கிட்டாப் போதும்" என்று புருஷன் பீற்றிக்கொள்வான். அவளோ அவன் இமையைப் பிரித்து வைத்துத் திட்டுவாள்.

அப்படிப்பட்டவள் இரண்டாவது பையன் பிறந்த பிறகு எட்டு மாதம் கையை அசைக்கவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பசி என்றுகூடக் காட்டவில்லை. அந்த எட்டு மாதமும் பிள்ளையைத் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் போட்டு வளர்த்தவள் அக்காள். தங்கை தேறியதும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் இருபது பள்ளிச் சீருடை தைத்தாள், ஒன்றிலும் பொத்தான் மாட்டக் காஜா இல்லை.

நான்கு வருஷம் கழித்துத் தங்கை மறுபடியும் உண்டானாள்.

பத்து வாரம் என்று தெரிந்ததும் எல்லாரும் தையல்காரியின் அறையில் கூடினார்கள். மறுநாள் காலை டாக்டரைப் பார்க்க வேண்டும். தங்கையின் மாமியார் துணிக் குவியல் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"வயித்துல வந்தது வந்ததுதான். அதை வேண்டாம்னு சொல்ல நாம யாரு?"

"அம்மா, எட்டு மாசம் அவ எப்படி இருந்தான்னு நீ பார்த்தேல்ல" என்றான் மகன்.

"பார்த்தேன். சரியாயிடுச்சுல்ல."

"நீ ஒரு வாரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தா தெரியும்."

"நான் உட்கார்ந்திருந்தா உனக்கு யாருடா சோறு போட்டிருப்பா?"

தையல்காரி மிஷினை நிறுத்தினாள். "அத்தை, அவ வளர்க்க வேண்டாம். பெத்து என் கையில குடுத்துட்டாப் போதும்." சொன்னதையே தங்கைக்குக் கையால் காட்டினாள். வாயும் கையும் சேர்ந்தே பேசின. "உள்ளே இருக்கிறது ஒரு ஆள். நான் கையில வாங்கிப் பார்த்தவ, எனக்குத் தெரியும்."

தங்கை அக்காளின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு காட்டினாள்: ஆள்தான். தன் நெஞ்சைத் தொட்டு மறுபடியும் காட்டினாள்: நானும் ஆள்.

"என்ன முடிவாம்?" என்றாள் மாமியார்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட சொல்றேன்" என்று தங்கை காட்டியதைச் சொன்னாள் தையல்காரி.

காலையில் டாக்டரம்மா புருஷனையும் மாமியாரையும் வெளியே உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். மேசைக்கு இந்தப் பக்கம் இரண்டு நாற்காலி. தங்கை அக்காள் முகம் தெரியும்படி தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"உங்களுக்கு முன்னாடி வந்த மன வியாதி திரும்ப வரலாம், வராமலும் போகலாம். வச்சுக்கிட்டா நான் பார்த்துக்கிறேன். வேண்டாம்னா அதுக்கும் வழி இருக்கு. ஆனா நீங்கதான் சொல்லணும், வேற யாரும் இல்ல" என்றாள் டாக்டரம்மா. அக்காள் அப்படியே கையால் சொன்னாள்.

தங்கை மடியை ஒரு தட்டுத் தட்டினாள். ஒரே தட்டு. தூசி போயிற்று.

தையல்காரி டாக்டரம்மா பக்கம் திரும்பினாள். வாயைத் திறந்தாள். "எனக்கு... இன்னும் முடிவு பண்ண முடியல டாக்டர். ரெண்டு வாரம் குடுங்க. வீட்டுல எல்லார்கிட்டயும் பேசி யோசிச்சுட்டு வரேன்."

"சரி. ரொம்பத் தள்ளிப் போடாதீங்க" என்று டாக்டரம்மா காலண்டரை இழுத்தாள்.

தங்கை உள்ளங்கையால் மேசையில் அறைந்தாள். பேனா உருண்டு கீழே விழுந்தது. அக்காள் வாயை விரலால் சுட்டினாள், பிறகு இரண்டு கையையும் அகல விரித்தாள். நான் சின்னதாச் சொன்னேன். நீ நீளமாச் சொன்ன.

"என்ன சொல்றாங்க?" என்றாள் டாக்டரம்மா.

தையல்காரி கீழே கிடந்த பேனாவைப் பார்த்தாள். கதவுக்கு வெளியே மாமியார் இருமுவது கேட்டது. தங்கை என்ன காட்டினாள் என்பது அந்த அறையில் டாக்டருக்குத் தெரியாது. இப்போதும் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். இரண்டு வாரம், அதற்கப்புறம் இன்னும் இரண்டு வாரம், நாள் தன்னால் ஓடிவிடும். ஓர் உயிரைக் காப்பாற்றப் பொய் சொன்னால் என்ன என்று ஒரு வாய் கேட்டது. அந்தப் பொய்யை யாருடைய வாயால் சொல்கிறாய் என்று இன்னொரு வாய் கேட்டது.

"அவங்க கோபமா இருக்காங்க" என்றாள் டாக்டரம்மா, மெதுவாக. "நீங்க சொன்னது அவங்க சொன்னதுதானா?"

தங்கை நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டாள். அவள் முகத்தில் இப்போது கோபம் இல்லை. நிறுத்தி நிறுத்திக் கை பேசியது. ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டு அக்காள் வாய் அசையும்வரை காத்திருந்தாள்.

"நான் வேண்டாம்னு சொன்னேன்" என்றாள் தையல்காரி. "என் அக்கா மாத்திச் சொல்லிட்டா. இந்தக் குழந்தையை அவ என்கிட்ட கேட்டா. அவ கேட்டதுல தப்பில்ல. என் பையனை எட்டு மாசம் வளர்த்தவ, இதையும் நல்லா வளர்ப்பா. ஆனா நான் மறுபடியும் அந்தச் சுவர்கிட்ட போனா, திரும்பி வருவேனான்னு எனக்குத் தெரியாது. என் ரெண்டு பசங்களுக்கு நான் வேணும். அக்காவுக்காகக்கூட என்னால முடியாது." மூச்சு வாங்கினாள். "அவளைத் திட்டாதீங்க. முப்பது வருஷத்துல..."

தான் காட்டாததற்கும் வாய் அசைவதைப் பார்த்துத் தங்கை மறித்து இரண்டு விரலைக் காட்டினாள். தலையைத் தொட்டு முடிச்சுப் போடுவதுபோல் காட்டினாள்.

"இது ரெண்டாவது தடவையாம்" என்றாள் தையல்காரி. "முதல்ல ரிப்பன்ல ஏமாத்தினேன்."

டாக்டரம்மாவுக்கு ரிப்பன் கதை தெரியாது, கேட்கவும் இல்லை. "இப்ப உங்க சொந்த வாயால சொல்லுங்க. இது உங்களுக்குச் சரின்னு படுதா?"

"இல்ல டாக்டர். தப்புன்னுதான் படுது. நாளைக்கும் அப்படித்தான் படும்."

"அப்புறம் எப்படிச் சொன்னீங்க?"

"அவ சொன்னா. அதனால சொன்னேன்."

டாக்டரம்மா குனிந்து பேனாவை எடுத்தாள். மூன்றாம் நாளுக்கு எழுதினாள்.

அன்றைக்கு மாமியார் வரவில்லை. புருஷன் இரண்டு பையன்களையும் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். "நீங்களும் வெளியில இருந்துக்கலாம்கா, உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்" என்றான். தையல்காரி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

நர்ஸ் தங்கையின் வலது கையில் ஊசி ஏற்றப் போனாள்.

"இடது கையில போடுங்க சிஸ்டர்."

"எந்தக் கையா இருந்தா என்னம்மா? சரி, நீங்க அக்காதானே, அப்ப இந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. தைரியமா இருக்கும்."

"பிடிச்சா அவ எப்படிப் பேசுவா?"

தையல்காரி கட்டிலின் கால்மாட்டுக்குப் போய், தங்கைக்கு முகம் தெரியும் இடமாகப் பார்த்து நின்றாள். கை எதையாவது பிடித்துக்கொள்ளத் தவித்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் கட்டியது, துடைத்தால் அந்த நேரம் பார்க்க முடியாதே என்று துடைக்கவில்லை.

டாக்டரம்மா உள்ளே வந்தாள். தங்கையின் வலது கை போர்வைக்கு வெளியே வந்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து, இல்லாத நூலை இல்லாத ஊசியில் கோத்தன.

"என்ன வேணுமாம்?" என்றாள் நர்ஸ்.

"ஒண்ணும் இல்ல" என்றாள் தையல்காரி. "என்னைக் கூப்பிடுறா."