கல்யாணமான டீச்சர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் நடுவில் ஆண்டிமடம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நான் தலைமையாசிரியர். எங்களிடம் இருந்த ஒரே பெண் ஆசிரியை சரோஜா. அவரை நம்பித்தான் ஏழு வீடுகளில் வீட்டுக்கொரு பெண் பிள்ளையைப் படிக்க அனுப்பினார்கள்.

சரோஜாவுக்குக் கல்யாணம் முடிந்ததும் கூப்பிட்டு, ராஜினாமா எழுதித் தரச் சொன்னேன். அப்படி யாரும் உத்தரவு போடவில்லை. தாலி கட்டிய பெண் சம்பளத்துக்கு வருவது குடும்பத்துக்கு ஆகாது என்று நானாக நினைத்தேன்.

“அவரு வேணாம்னு சொல்லலீங்களே சார்.”

“இன்னிக்குச் சொல்ல மாட்டாரும்மா. நாளைக்குச் சொல்லுவாரு.”

சரோஜா வெளியே பார்த்தார். மூன்று பிள்ளைகளின் தாயான அஞ்சலை பள்ளிக்கூட வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

“அஞ்சலைக்குந்தான் கல்யாணம் ஆயிருக்கு. அவங்ககிட்டயும் எழுதி வாங்கிட்டீங்களா சார்?”

நான் காகிதத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஓரிரு மாதத்தில் ஏழு பெண்களும் நின்றுவிட்டார்கள். வேறு ஆசிரியை கிடைக்கவில்லை. ஒரு வருடம் கழித்து, பக்கத்து ஊரில் இருந்த சரோஜாவின் புகுந்த வீட்டுக்குப் போய், தப்பு என்னுடையது என்று சொல்லிக் கூப்பிட்டேன்.

“திங்கக்கிழமை வந்துடுறேன் சார்,” என்றார்.

வந்தார். பல வருடம் பாடம் நடத்தினார். புதிதாகப் பெண் பிள்ளைகளும் சேர்ந்தார்கள். ஆனால் நின்றுபோன ஏழு பேரில் ஒருத்திகூடத் திரும்பவில்லை. நான் வீடு வீடாகப் போனபோது மூன்று பேருக்குக் கல்யாணமே முடிந்திருந்தது.

சரோஜாவிடம் மன்னிப்புக் கேட்க முடிந்தது. அந்த ஏழு பேரிடம் என்ன சொல்லிக் கேட்பது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.