பிரான்காச்சோவின் விதானையார்

"எந்த ஊர்? ஆற்றை மகன்? இஞ்சை ஆற்றை வீட்டிலை?" இத்தாலியின் பலெர்மோ நகரத்துப் பிரான்காச்சோவில் பேருந்தை விட்டு இறங்கும் புதுத் தமிழ் முகம் எதுவானாலும் இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்லாமல் வீதியைக் கடக்க முடியாது. கேட்பவர் கோபாலசிங்கம். வயது அறுபத்தொன்று. இத்தாலியச் சிஞ்ஞோரா ஒருத்தியின் வீட்டில் யன்னல் துடைப்பதும் நாயை உலாவக் கூட்டிப்போவதும் தொழில். ஆனால் பலெர்மோத் தமிழருக்கு அவர் விதானையார்.

பாட்டனார் ஊரில் விதானையாக, அதாவது அரசாங்கம் வைத்த கிராமத் தலைவராக, இருந்தவர். அந்தப் பதவியை அரசாங்கம் எடுத்து அறுபது வருடமாகிறது. இவருக்கு மட்டும் தகவல் வரவில்லை போலும். "நாட்டுக்கு ஆபத்தெண்டால் பட்டாளம் கடைசியாத்தான் அறியும். முதல் அறியிறவன் விதானை" என்பார். கவனிப்பாரற்றுக் கிடக்கும் பையைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது. அதைப் பற்றிக் கோயிலில் பேசத் தொடங்கினாரென்றால் பொங்கல் ஆறிவிடும்.

வேடிக்கை என்னவென்றால், பொலிஸும் அவரை நம்புகிறது. நவராத்திரி முதல்நாள் காலை இன்ஸ்பெக்டர் செலஸ்ரீனா அவரை அழைத்தார். அப்போது விதானையார், பேருந்துத் தரிப்பில் மறித்த கிறிகோரி என்ற புதியவரை விசாரித்து முடியாமல், அவர் தங்கிய வீட்டுக்கே போய்த் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அதே வீட்டில் குடியிருக்கும் நானும் கூட இருந்தேன்.

பேருந்துத் தரிப்பில் ஒரு கடைப்பை கிடக்கிறதாம். உள்ளே உலோகக் குடம், சுற்றிலும் நெருக்கமாக ஏதோ இழை. தெருவை மறித்து நாடா கட்டியாயிற்று, குண்டு நிபுணர்களும் வந்தாயிற்று. விதானையார் பறந்தார். அவருடைய சந்தோசத்தைப் பார்த்து என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இன்ஸ்பெக்டர் காட்டிய படத்தை ஒரு கணம்தான் பார்த்தார். "இது சாமிக்கு வைக்கிற கும்பம். வெறும் நூல்."

"சொந்தக்காரர் யார்? ஆள் வராவிட்டால் உடைப்போம்" என்றார் செலஸ்ரீனா. குட்டி இயந்திரமொன்று பையை நோக்கி உருளத் தொடங்கியது.

"விசாரிச்சுச் சொல்லுறன்" என்று அவர் கைபேசியை எடுக்கவும் அது அடிக்கவும் சரியாக இருந்தது. மனைவி யோகாம்பாள். குரல் எனக்கே கேட்டது.

"கும்பம் எங்கையப்பா? ஐயர் பாத்துக்கொண்டு நிக்கிறார். விடிய உங்கடை கையிலைதானே தந்தனான்?"

விதானையார் கிறிகோரியை மறித்த இடத்தைத் திரும்பிப் பார்த்தார்; பை கிடந்தது அங்கேதான். இருபது வருடப் பதவி ஒரு பக்கம். யோகாம்பாள் விரதமிருந்து நூல் சுற்றிய குடம் மறுபக்கம். குற்றவாளியை அவர் பிடித்துக் கொடுப்பதைப் பார்க்க நாடாவுக்கு வெளியே பாதிப் பிரான்காச்சோ திரண்டு நின்றது. இயந்திரம் தன் இரும்புக் கையை நீட்டியது.

"சிஞ்ஞோர் கோபாலோ, யாருடையது?"

விதானையார் ஊரைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார். பிறகு, வகுப்பில் அகப்பட்ட பிள்ளை மாதிரி, வலது கையைத் தோளுயரத்துக்கு மட்டும் மெல்லத் தூக்கினார்.