எபினேசரின் பதினாறு கிலோ

நாற்பத்தோரு வயது வரைக்கும் எபினேசர் தன் உடம்பைப் பற்றி ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், இறால் ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் பேக்கிங் செக்‌ஷன் வேலை. எடை நூற்று நான்கு கிலோ. கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்தால் அவனும் சேர்ந்து சிரிப்பான். மனைவி மெர்சிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது என்று தெரிந்த பிறகுதான் அந்தச் சிரிப்பு நின்றது.

வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். கிட்னி கொடுக்க முன்வந்த மெர்சியின் அண்ணன் பீட்டருக்கு ரத்த வகை சேரவில்லை. எபினேசருக்குச் சேர்ந்தது. "நான் தரேன்" என்று யாரும் கேட்பதற்கு முன்பே சொன்னான். சென்னை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவனை எடை மெஷினில் ஏறச் சொன்னார்.

"இந்த எடையில உங்களுக்கு ஆபரேஷன் பண்ணக் கூடாது. எண்பத்தெட்டுக்கு வாங்க. மத்த டெஸ்ட்டெல்லாம் அப்புறம் பாக்கலாம்."

"எத்தினி நாள் டைம்மா?"

"எவ்வளவு சீக்கிரம் வர்றீங்களோ, அவ்வளவுக்கு அவங்களுக்கு நல்லது."

பதினாறு கிலோ. வீட்டுக்கு வந்ததும் சோற்றைப் பாதியாக்கினான். மெர்சிக்காக வீட்டில் உப்பில்லாத சமையல். அதில் பாதி என்றால் தொண்டையில் இறங்கவில்லை. நாலாம் நாள், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மீன் பொரிக்கிற வாசனை வந்தது. கால் தானாக அங்கே நின்றது. தின்று முடித்துக் கை கழுவும்போது அவனுக்கு அழுகை வந்தது.

டயாலிசிஸ் வார்டில் மெர்சியையும் எடை போடுவார்கள். உள்ளே போகும்போது ஐம்பத்திரண்டரை, வெளியே வரும்போது ஐம்பது. உடம்பில் தேங்கிய தண்ணீரை மெஷின் நாலு மணி நேரத்தில் எடுத்துவிடுகிறது. எபினேசர் அந்த எண்களைப் பார்த்துக்கொண்டே நிற்பான். இரண்டு வாரமாகியும் தன்னால் அரைக் கிலோ இறக்க முடியவில்லையே என்றிருக்கும்.

அப்போதுதான் கூட வேலை செய்யும் சரவணன், போனில் பார்த்த ஒரு விஷயத்தைச் சொன்னான்.

"எபிண்ணா, ஜில்லுல நின்னா ஒடம்பு சூட்டுக்கோசரம் கொழுப்ப எரிச்சிக்குமாம். பாரின்ல ஐஸ் தண்ணில உக்காந்துகினே எளைக்கிறாங்கோ. நம்ம கம்பெனிலயே மைனஸ் இருவது ரூம் கீது, நீ இன்னாத்துக்கு பட்னி கெடக்குற?"

எபினேசருக்கு அது தேவன் காட்டிய வழி மாதிரி இருந்தது. மறுநாளே சூப்பர்வைசர் அன்புராஜிடம் போய், கோல்ட் ஸ்டோருக்கு மாற்றிவிடச் சொல்லிக் கேட்டான். யாரும் விரும்பிக் கேட்காத இடம். அன்புராஜ் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அரை மணி நேரம் உள்ளே. அட்டைப்பெட்டிகளைத் தூக்கி அடுக்க வேண்டும். கால் மணி நேரம் வெளியே. மூக்கு மயிரெல்லாம் உறைந்து குத்தும். மற்றவர்கள் கோட்டுக்குள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டால் எபினேசர் வெறும் பனியனோடு கோட்டை மாட்டினான். குளிர் நன்றாகப் பிடிக்கட்டும் என்று கழுத்துப் பொத்தானைத் திறந்துவிட்டான். பல் கிடுகிடுவென்று அடிக்கும்போதெல்லாம், எரியுது, எரியுது என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டான்.

ஆனால் வெளியே வந்ததும் ஒரு பசி வந்தது. அவன் அதுவரை அறியாத பசி. வயிற்றில் யாரோ கையை விட்டுத் துழாவுகிற மாதிரி. கேன்டீனில் இரண்டு முறை சோறு வாங்கினான். டீ குடிக்கும்போது கூடவே பன். குளிரில்தான் எல்லாம் எரிந்துவிடுகிறதே என்று மனசுக்குச் சமாதானம் சொன்னான். ஒரு மாதம் கழித்து ஆஸ்பத்திரி மெஷினில் ஏறினான். நூற்று ஆறு.

டாக்டரம்மா திட்டவில்லை. "குளிர்ல உடம்பு கொஞ்சம் எரிக்கும், இல்லைங்கல. ஆனா எரிச்சத பசியா கேட்டு வாங்கிக்கும். நீங்க அதுக்கு மேலயே குடுத்திருக்கீங்க. சாப்பாட்டக் குறைக்கிறதுதான் வழி."

திரும்பி வந்து பேக்கிங்குக்கே மாற்றச் சொல்லிக் கேட்டான். அன்புராஜ் கையை விரித்தார். "உன் எடத்துல ஆள் போட்டாச்சுப்பா. நீயே கேட்டு வாங்கின. ஆறு மாசம் ஓட்டு, அப்புறம் பாக்கலாம்."

ஆக, குளிரும் போகவில்லை, பசியும் போகவில்லை. அதற்குள்ளேயே நின்றுகொண்டு சோற்றைக் குறைக்க வேண்டியதாயிற்று. காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கரண்டிச் சோறு, வெள்ளரிக்காய், ராத்திரிக்கு ஒரு சப்பாத்தி. சக ஆட்கள் சாப்பிடும் நேரத்தில் கம்பெனி கேட்டுக்கு வெளியே லாரிகளுக்கு நடுவே நடந்துகொண்டிருப்பான். தொண்ணூற்றெட்டு ஆனது. தொண்ணூற்று நாலு ஆனது. அங்கே ஒரு மாதம் அசையாமல் நின்றது. அந்த மாதம் இட்லியையும் விட்டான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பெட்டியைத் தூக்கியவன் அப்படியே மடங்கி விழுந்தான். பேக்கிங்கிலிருந்து பெட்டி கொண்டுவந்த சரவணன்தான் காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டான். செய்தி கேட்டு, டயாலிசிஸ் முடிந்த கையோடு மெர்சி ஓடிவந்தாள்.

"எனக்கு உங்க கிட்னி வாணாம். நீங்க செத்துட்டா நான் அத வெச்சிகினு இன்னா பண்றது?"

"சும்மா இரும்மே. இன்னும் ஆறு கிலோதான்."

"கழுத்தெலும்பு தெரியுது உங்களுக்கு."

"தெரிஞ்சா நல்லதுதான?"

அவள் முந்தானையால் அவன் விரல்களைச் சுற்றித் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டே இருந்தாள். இருவருமே அழவில்லை, அழ ஆரம்பித்தால் நிற்காது என்று இருவருக்கும் தெரியும்.

ஏழாம் மாதம் எபினேசர் எண்பத்தேழரைக்கு வந்தான். ஆஸ்பத்திரியில் நர்சுகள்கூடக் கை தட்டினார்கள். அவன் போட்டிருந்த சட்டை ஆணியில் மாட்டியது போலத் தொங்கியது. இனி மற்ற பரிசோதனைகள் என்றார் டாக்டரம்மா. முதலில் வெறும் வயிற்றில் பார்த்த சர்க்கரை சரியாகத்தான் இருந்தது. பிறகு குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து அதையே திரும்பவும் செய்தார்கள்.

அடுத்த வாரம் இருவரையும் உட்காரவைத்து டாக்டரம்மா மெதுவாகக் கேட்டார். "உங்க வீட்ல யாருக்காவது சர்க்கரை உண்டா?"

"அம்மாக்கு. கால் எடுத்தாங்கோ. தம்பிக்கும் கீது."

"உங்களுக்கும் ஆரம்பிச்சிருச்சு எபினேசர். ரெண்டு தடவை பாத்துட்டோம். இப்ப ஒரு கிட்னிய எடுத்தா, இருக்கிற ஒண்ணு எவ்வளவு நாள் தாங்கும்னு சொல்ல முடியாது. எங்க கமிட்டி ஒத்துக்கல."

"எடைய இன்னும் கொறைக்கட்டுமா?"

"எடை இல்ல இப்ப பிரச்சனை."

"பத்து கிலோ கொறைக்கிறேன்மா. சத்தியமா கொறைக்கிறேன்."

டாக்டரம்மா மேஜை மேலிருந்த காகிதங்களை ஒழுங்குபடுத்தினார். மெர்சி எழுந்து அவன் தோளைத் தொட்டாள். "வாங்க போலாம்."

கும்மிடிப்பூண்டி ரயிலில் ஜன்னலோரம் அவளை உட்கார வைத்தான். எண்ணூர் தாண்டியதும் அவன் சொன்னான்: "கொழுப்ப எரிக்கத் தெரிஞ்சுது. இத எரிக்கத் தெரியலயே மெர்சி."

"நீங்க இன்னா பண்ணுவீங்க," என்றாள் அவள். அதை இரண்டு முறை சொன்னாள்.

இறந்தவர்களிடமிருந்து உறுப்பு பெறுவதற்கான வரிசையில் மெர்சியின் பெயரைப் பதிந்தார்கள். எப்போது வேண்டுமானாலும் போன் வரலாம், உடனே கிளம்பி வர வேண்டும் என்று சொல்லி இருவர் நம்பரையும் எழுதிக்கொண்டார்கள். அன்புராஜ் சொன்ன ஆறு மாசம் முடிந்தும் எபினேசர் இன்னும் கோல்ட் ஸ்டோரில்தான் இருக்கிறான். அந்தக் குளிரில் போன் அணைந்துவிடும். அதனால் உள்ளே போகும்போது அதை வெளியே சரவணனிடம் கொடுத்துவிட்டுப் போகிறான். தெரியாத நம்பராக இருந்தாலும் எடு என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறான். அரை மணி நேரம் கழித்து, உறைந்த கையுறையைப் பல்லால் கழற்றிக்கொண்டே வெளியே வருகிறான்.

"யார்னா கூப்டாங்களா?"

"இல்லண்ணா."

டீயை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறான். சர்க்கரை இல்லாத டீ. கால் மணி நேரம் முடிந்ததும் போனை மறுபடி சரவணன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போகிறான்.