தண்ணீர்ப் பெட்டிக்குக் காவல்

குவைத்தில் நாங்கள் கட்டடம் கட்டுகிற இடத்தில், கக்கூஸ் சுவரில் ஒரு படம் ஒட்டியிருக்கிறார்கள். மேலேயிருந்து கீழே வரிசையாக நிறங்கள். மேலே தண்ணீர் நிறம், அடியில் கடுங்காப்பி நிறம். ஒண்ணுக்குப் போய்விட்டு நம்முடையது எந்த நிறம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கீழே போகப் போக உடம்பில் தண்ணீர் குறைவு என்று அர்த்தம். வந்த புதிதில் கூச்சமாக இருந்தது. பெட்டி பெட்டியாகத் தண்ணீர் பாட்டிலும் சும்மா தருகிறார்கள். குடிக்காவிட்டால் திட்டு. இங்கே வெயிலில் கம்பி கட்டுகிற நம்மவர்களுக்கு இதெல்லாம் தெரிந்ததுதான். ஊரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

என் மனைவி செல்வி, செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி மலையடியில் தண்ணீர் பாட்டில் விற்கிறாள். ஒரு தெர்மாகோல் பெட்டி, ஐஸ், பெரிய குடை. லீவில் போனபோது கூட உட்கார்ந்திருக்கிறேன். பாறையிலிருந்து அனல் அடிக்கும். "வாங்கிக்கினு ஏறு சார், பாதியில மயக்கம் வந்தா தூக்கினு வர ஆளில்ல" என்று வருகிறவர்களிடம் சொல்வாள். அவள் மட்டும் வாய் நனைக்க மாட்டாள். ஏன் என்று கேட்டேன். "குடிச்சா ஒண்ணுக்கு வரும். பொட்டிய வுட்டுட்டுப் போனா கொரங்கு கவுத்துடும். நீ வந்து பாத்துக்கிறியா?" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

போன மாதம் போனில், இடுப்பு வலிக்குது, ஒண்ணுக்குப் போனா எரியுது என்றாள்.

"இன்னா கலர்ல போவுது?"

"கேக்குற கேள்வியப் பாரு."

"சொல்லுமே."

"டீ கலர்ல."

மறுநாள் காலை அவளுக்கு அனுப்புவதற்காக அந்தப் படத்தின் அடி நிறத்தைப் போட்டோ எடுத்தேன். சேஃப்டி பார்க்கிற எகிப்துக்காரர் பார்த்துவிட்டார். அந்த நிறத்தில் விரல் வைத்து, "யூ?" என்றார். "நோ. வைஃப். இண்டியா" என்றேன். அவருக்குப் புரியவில்லை. என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். நிழலில் உட்காரவைத்து இரண்டு பாட்டில் கொடுத்து, முடிக்கிறவரை நகரவில்லை. அவள் குடிக்க வேண்டியதை நான் குடித்தேன்.

அந்த வாரமே செல்வி பெட்டி பக்கத்தில் மயங்கி விழுந்தாள். கோட்டை பார்க்க வந்த யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்து, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கிட்னியில் கல். இனியும் குடிக்காமல் இருந்தால் கிட்னியே போய்விடும் என்று டாக்டர் சொன்னாராம். "வேலைய வுட்டுடு" என்றேன். "நீ கம்பி கட்றத வுட்டுட்டு வா, நானும் வுடுறேன்" என்றாள்.

இப்போது ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். காலையிலிருந்தே குடிக்கிறாள். மதிய வெயிலுக்கு இங்கே வேலையை நிறுத்துவார்கள். அப்போது வீடியோ காலில் வருவாள். போனைக் குடைக்கம்பியில் பெட்டியைப் பார்த்தமாதிரி கட்டிவிட்டு, "பாத்துக்கய்யா" என்று ஒதுங்கப் போவாள். குரங்கு வந்தால் நான் இங்கிருந்து கத்த வேண்டும். ரூமில் இருக்கிற நேபாளிகளுக்குத் தினமும் சிரிப்பு.

நேற்று போனவள் நேரமாகியும் வரவில்லை. பெட்டியும் பாறையும்தான் தெரிந்தன. திரும்ப விழுந்துவிட்டாளோ? ஒரு குரங்கு வந்து மூடியைத் தள்ளியது. விரட்டத் தோன்றவில்லை. "செல்வி, செல்வி" என்றுதான் வாயில் வந்தது. குரங்கு நிமிர்ந்து என்னைப் பார்த்தது. பிறகு ஒரு கல் வந்து விழுந்தது. பின்னாலேயே அவள்.

"எதிர்லயே குந்திக்கினு இருக்கிற. கத்த மாட்டியா?"

நான் குவைத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். ஏசி ஓடியும் சட்டை நனைந்திருந்தது.