எழுந்து போனவரின் முகம்

கெர்னல் என்கிற, கம்ப்யூட்டரின் அடிமட்ட மென்பொருளை எழுதுகிறவனுக்குப் புதுச் சேதி சொல்வது பெரிய காரியமில்லை; பழைய சேதியை மறக்கவைப்பதில்தான் முதுகு ஒடியும். இதே செக்கில் மாட்டிக்கொண்ட நண்பர்களே, உங்களுக்கு இது புரியும்.

நாற்காலியில் நான்

பெங்களூரில் பயிற்சிக்குச் சேர்ந்ததும் ஒரு கேமரா போர்டைக் கொடுத்தார்கள். கேமரா புதுப் படத்தை மெமரியில் எழுதும். ப்ராசஸரோ முன்பு படித்ததன் நகலைக் கேஷ் என்ற தன் மடியில் கட்டி வைத்திருக்கும். 'அது பழசு, தூக்கிப் போடு' என்று கெர்னல் ஒரு வரி சொல்ல வேண்டும். அந்த வரியை நான் எழுதவில்லை. நான் எழுந்து வந்த பிறகும் திரையில் காலி நாற்காலிமேல் என் மூக்கும் ஒரு கண்ணும் துண்டு துண்டாக நின்றன. டீம் லீட் மஞ்சுநாத் எட்டிப் பார்த்தார்.

"ஏனப்பா, நீ எழுந்து போயிட்டே, உன் மூஞ்சி மட்டும் இன்னும் உக்காந்திருக்கு."

ரயிலில் மஞ்சுநாத்

எனக்கு எந்தக் குரலும் வரும். எங்கள் சுரங்க ஊரின் கோரமண்டல் ஸ்டேஷனில் வேலைக்கு ரயில் ஏறியதும் பக்கத்துப் பயணியின் போனை வாங்கி, அடுத்த பெட்டியிலிருந்த, என்னோடு அதே ஆபீஸில் வேலை பார்க்கும் ஸ்டீபனிடம் மஞ்சுநாத்தாகப் பேசினேன்: "ஆபீஸ்ல கரெண்ட் இல்லப்பா, வீட்டுக்குப் போ." அதை நம்பி வழியில் பங்காருப்பேட்டையில் இறங்கியவன், ஜன்னலில் என் பல்லைப் பார்த்துவிட்டு ஓடிவந்து ஏறினான்.

"உன் வாய்ல இன்னும் எத்தினி பேர்டா குடியிருக்காங்க?"

ஆஸ்பத்திரியில் அப்பா

அம்மா இதய ஆபரேஷன் முடிந்து கோலார் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, வீட்டில் அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். தங்கச் சுரங்கத்தில் கேஜ் என்ற கூண்டு லிஃப்டில் இறங்கி வேலை பார்த்து, சுரங்கம் மூடியபின் வாட்ச்மேனாக இருந்தவர். "இப்ப சொன்னா அம்மாவும் போய்டும்டா. நீ அப்பா மாதிரி பேசு" என்றாள் அக்கா. தினமும் சாயங்காலம் ஆஸ்பத்திரி மாடிப்படியில் நின்று, அப்பா போனிலிருந்து பேசினேன்: "இன்னாமே, சாப்ட்டியா? எனக்கு ஜுரம் வுடல. பத்திரமா இரு."

ஒருநாள் பேசி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கஞ்சியோடு உள்ளே போனேன். அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"உங்கப்பா போனை வெக்கறப்போ 'கேஜ் வந்துட்ச்சி, எறங்கறேன்'னுதான்டா சொல்வாரு. சுரங்கத்த மூடியும் அத வுடல அந்த மனுசன். நாளைக்கி மறக்காம சொல்லு."

கேமராவில் பழைய நகலை அழிக்க இப்போதெல்லாம் நான் மறப்பதில்லை, நண்பர்களே. எங்கள் வீட்டில் மட்டும் தினமும் சாயங்காலம் அப்பா போனில் கேஜ் வந்து நிற்கிறது.