குரல் போன வாரம்

மானகிரிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் நான் வேலை பார்த்தபோது, மூன்றிலிருந்து ஐந்து வரை மூன்று வகுப்புகளும் ஒரே அறையில் என்னிடம் இருந்தன. ஒன்றும் இரண்டும் தலைமையாசிரியையிடம். பள்ளிக்கே நாங்கள் இரண்டு பேர்தான். அதனால் ஒரு பிள்ளை மூன்றாம் வகுப்புக்கு வந்தால் மூன்று வருடம் என் கண் முன்னால்தான் இருக்கும். கவனிக்க நேரம் கிடைக்கவில்லை என்று நான் சொல்ல முடியாது.

அப்படி என்னிடம் இருந்த ஒரு பெண் பிள்ளையின் அம்மா, கோட்டையூரில் ஓட்டலாக மாற்றப்பட்ட ஒரு பழைய பெரிய வீட்டில் அறைகளைக் கூட்டித் துடைக்கிற வேலைக்குப் போனாள். அப்பா கொத்தனார். பிள்ளை தினமும் எண்ணெய் வைத்துப் படிய வாரி, சுத்தமாக வரும். மூன்றாம் வகுப்பில் சுமாராகப் படித்தாள். நான்காம் வகுப்பில் மளமளவென்று இறங்கிவிட்டாள். சொல்வதை எழுதுதலில் பத்துக்கு இரண்டு, பத்துக்கு ஒன்று. 'கடல்' என்று சொன்னால் 'படம்' என்று எழுதுவாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி அந்த வருடம்தான் செக்காலையில் ஒரு தனியார் பள்ளிக்கு மாறிப் போயிருந்தாள். இத்தனை நாளும் அவளைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறாள் என்று நினைத்தேன். நினைத்தது சரிதான். ஏன் பார்த்து எழுதினாள் என்று மட்டும் யோசிக்கவில்லை.

ஒவ்வொரு பாடம் முடிந்ததும் மதிப்பீடு உண்டு. போனில் கல்வித்துறைச் செயலியில் வரும் கேள்வியை நான் வாசிக்க வேண்டும். பிள்ளை பதில் சொன்னதும் சரி, தவறு என்று தொட வேண்டும். வாய்க்கணக்கு, கதை கேட்டுப் பதில் சொல்வது, சொல்லச் சொல்ல எழுதுவது. எல்லாமே என் வாயிலிருந்து கிளம்பி அவள் காது வழியாகப் போக வேண்டியவை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. தவறு, தவறு என்று தொட்டுக்கொண்டே போனேன். முன்னேற்ற அட்டையில், "கவனக்குறைவு. வீட்டில் கண்டிக்கவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவள் ஒரு காதில் அடிக்கடி பஞ்சு வைத்துக்கொண்டு வருவாள். கேட்டால் அம்மா, "சீழு வடியுது டீச்சர். எண்ணெ காச்சி ஊத்தியிருக்கேன், சரியாப் போயிரும்" என்பாள். எத்தனையோ பிள்ளைகளுக்கு அப்படி வடிந்து நின்றதைப் பார்த்தவள் நான். அதோடு விட்டுவிட்டேன்.

அவள் ஐந்தாம் வகுப்பு வந்த வருடம், மார்கழிப் பனியில் எனக்குத் தொண்டை கட்டிக் குரல் முழுதாகப் போய்விட்டது. ஒரு வாரம் வாயைத் திறக்கக் கூடாது என்றார் டாக்டர். லீவு போட வழியில்லை. தலைமையாசிரியைக்கு அந்த வாரம் பயிற்சி வகுப்பு. பள்ளியில் நான் ஒருத்திதான். எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதியே சமாளித்தேன்.

முதல் நாள் பத்துக் கணக்கு எழுதிப் போட்டேன். யாரும் முடிக்கும் முன்னே எழுந்து வந்து நோட்டை நீட்டியவள் அவள். பத்தும் சரி. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, சந்தேகம் வந்தது. மறுநாள் அவளைத் தனியாகக் கதவோரம் உட்கார வைத்தேன். ஒரு பத்தியை எழுதிப் போட்டு, கீழே அதிலிருந்து ஐந்து கேள்வியும் எழுதினேன். ஐந்துக்கும் சொந்த வாக்கியத்தில் பதில் எழுதியிருந்தாள். வாரம் முழுவதும் அப்படித்தான்.

திங்கட்கிழமை குரல் திரும்பி வந்தது. சொல்வதை எழுதுதல் வைத்தேன். பத்துக்கு ஒன்று.

அன்று மதியம் குழாயடியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தவளின் பின்னால் போய் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. இரண்டு எட்டு முன்னால் வைத்து மறுபடி கூப்பிட்டேன். பக்கத்தில் நின்ற சின்னப் பிள்ளை அவள் பாவாடையைப் பிடித்து இழுத்த பிறகுதான் திரும்பினாள். என் முகத்தைப் பார்த்ததும் என்ன தப்புச் செய்தோமோ என்று மிரண்டு போனாள்.

அம்மாவை வரச் சொன்னேன். "வீட்டுலயும் கூப்பிட்டா வர மாட்டா டீச்சர். திமிருன்னுல நெனச்சோம்" என்றாள்.

மூன்று பேருமாகக் காரைக்குடி ஆஸ்பத்திரியில் காட்டி, அவர்கள் எழுதிக் கொடுத்ததை எடுத்துக்கொண்டு சிவகங்கைக்குப் போனோம். ஒரு காது முழுதாகப் போய்விட்டது, இன்னொன்றில் பாதிதான் கேட்கும் என்றார் அங்கே டாக்டர். முதலிலேயே வந்திருந்தால் நிறையக் காப்பாற்றியிருக்கலாம் என்றும் சொன்னார். பிறகு, "இந்தக் காதுல அடி ஏதும் பட்டுச்சா?" என்று கேட்டார். அம்மா அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

வெளியே வந்து மருந்துக்கு நின்றபோதுதான் சொன்னாள்.

"கண்டிக்கணும்னு கார்டுல எழுதி விட்டீகள்ல டீச்சர், அன்னைக்கு அவுக அப்பா காதோட சேத்து ஒரு அறை விட்டாரு. மூணு நாளா வலிக்குதுன்னு அழுதா." மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டே, "உங்களக் குத்தஞ் சொல்லல. நீங்க நல்லதுக்குத்தான எழுதுனீக" என்றாள்.

அவள் என்னைத் திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். போனது சீழாலா, அடியாலா என்று டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அன்றைக்கு எழுதிய பேனாவின் நிறம்கூட எனக்கு நினைவிருக்கிறது. பச்சை.

ஒரு முகாமில் காதுக் கருவி வாங்கிக் கொடுத்தோம். அதை மாட்டிக்கொண்டு வந்த முதல் நாள், பாடத்தின் நடுவில் எழுந்து கேட்டாள்:

"டீச்சர், நீங்க நாள் பூராம் பேசிக்கிட்டேவா இருப்பீக?"

வகுப்பே சிரித்தது. "இதுக்கு முன்னாடி நான் பேசுறது கேக்கவே கேக்காதா உனக்கு?" என்று கேட்டேன்.

"வையும்போது கேக்கும் டீச்சர்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

பழைய மதிப்பெண்களைத் திருத்த முடியுமா என்று தலைமையாசிரியையிடம் கேட்டேன். "முடிஞ்சு போன ரெக்கார்டுல கை வைக்கக் கூடாது டீச்சர்" என்றார். விதிப்படி அவர் சொன்னது சரி. நான்காம் வகுப்பு முழுவதும் அவள் தேறாதவளாகவே இருக்கிறாள். இன்றைக்கும் நான் மதிப்பெண் போடுகிறேன், இன்றைக்கும் வாயால்தான் கேள்வி கேட்கிறேன். ஒரு பிள்ளைக்குப் பத்துக்கு இரண்டு எழுதும்போது கை நிற்கிறது. அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு வேறு மாதிரிக் கேட்டுப் பார்க்கிறேன். எல்லோருக்கும் அப்படிச் செய்ய நேரம் போதவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஆறாம் வகுப்புக்கு அவள் காரைக்குடிக்குப் போனாள். முன் பெஞ்சில் உட்கார வையுங்கள் என்று அந்த வகுப்பாசிரியரிடம் போனில் சொன்னேன். "பாக்குறேன் டீச்சர், உயரமாத் தெரியுறாளே, பின்னால இருக்கிற பிள்ளைகளுக்கு மறைக்கும்" என்றார்.

போன மாதம் கோட்டையூர் நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். யூனிபார்மில், பையோடு நின்றாள். காதில் கருவி இல்லை. பஸ் ஒன்று இரைந்துகொண்டு நின்றது. பக்கத்தில் போய், "எப்படிம்மா படிக்கிறே?" என்று கேட்டேன்.

அவள் என் முகத்தையும் உதட்டையும் பார்த்தாள். பிறகு நன்றாகச் சிரித்து, "சாப்பிட்டேன் டீச்சர்" என்றாள்.