யாரும் கேட்காத பயண நிதி

கடலூர், சிதம்பரம் பக்கத்துக் கட்டற்ற மென்பொருள் ஆட்கள் வெளியூர் மாநாடுகளில் பேசப் போவதற்காக ஒரு பயண நிதி தொடங்கினோம். ஒளிவுமறைவு என்றாலே எனக்கு ஆகாது. நாங்கள் எழுதும் நிரலைப் போலவே விண்ணப்பங்களையும் எல்லோரும் படிக்கும்படி இணையத்தில் வைக்கவேண்டும் என்று அடம்பிடித்தேன்.

ஒரு மாதமாகியும் ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை. ஏன் என்று மண்டையைக் குடைந்தது. நன்றாகப் பேசக்கூடிய சிதம்பரத்துப் பெண் ஒருவரிடம் போனில் கேட்டேன்.

“ரயிலுக்குக் காசு இல்லன்னு ஊரே பாக்குற எடத்துல எப்படிங்க எழுதுவேன்?” என்றார்.

அன்றே, விண்ணப்பங்களை நான் மட்டும் பார்க்கும்படி மாற்றி, எல்லோருக்கும் அறிவித்தேன். மறுநாளே முதல் விண்ணப்பம் வந்தது. கடலூரில் என் பக்கத்துத் தெரு நண்பனுடையது. எந்த மாநாட்டுக்குக் கூப்பிட்டாலும் “லீவு கெடைக்கல மச்சான்” என்றே சொல்லிவந்தவன்.